உருண்டு திரண்ட எழுத்தும் ஒரே அகலமும்

கல்முனைக் கரையோரத்தின் பல வீடுகளில், வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போய்வந்தவர்களின் கடவுச்சீட்டுகள், அலுமாரியின் உள்ளறையில் காணி உறுதிகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்தப்பட்டிருக்கும். அக்கடவுச்சீட்டின் படப்பக்கத்தில், அடிப்பாகத்தில், வரிக்கு 44 ஸ்தானங்களாக இரண்டு வரிகள் அச்சாகியிருக்கின்றன. பெயரும் இலக்கமும் பிறந்த திகதியும் முடிந்து இடம் மிஞ்சினால், மிஞ்சிய ஸ்தானங்களெல்லாம் அம்புமுனை போன்றதொரு குறியால் நிரப்பப்பட்டிருக்கும். மனிதர் கண்ணுக்கும் யந்திரத்தின் கண்ணுக்கும் ஒருங்கே புலப்பட வேண்டும் என்னும் நோக்கத்தோடு, சுவிற்சர்லாந்து தேசத்தவரான அட்ரியன் ஃபுருட்டிகர் என்னும் எழுத்துருக் கலைஞர் வரைந்து 1968இல் வெளிவந்த ஓ.சி.ஆர்.-பி என்னும் எழுத்துருவே அவ்விரு வரிகளிலும் ஆளப்படுவது. அதன் ஒவ்வோர் எழுத்தும் 2.54 மில்லிமீற்றர் இடத்தைப் பிடிக்கிறது. அதாவது ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. பழைய தட்டெழுத்துப் பொறியின் ‘பைக்கா’ அளவும் இதுவேயாம். பொறி பெரும்பாலும் வழக்கொழிந்த பின்னரும் அதன் அளவுகோல் விமான நிலையத்துச் சாளரத்தில் இன்றும் ஆட்சி செலுத்தி வருகிறது.

ஒரே அகலம், திரண்ட பருமன், உருண்ட முனை ஆகிய மூன்று லக்ஷணங்களும் ஓர் எழுத்துருவில் கூடிவரும்போது, அது ஏதோ ஒரு கலைஞனின் ரசனையினால் விளைந்த அலங்காரம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அம்மூன்றும் மூன்று வெவ்வேறு நிர்ப்பந்தங்களிலிருந்து பிறந்தவை. அவை உரோம எழுத்துக்கு எத்தனை சௌகரியமாய்ப் பொருந்தினவோ, தமிழ் எழுத்துக்கு அத்தனை சௌகரியமாய்ப் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்பதையும், பொருத்துவதற்கு வழி உண்டா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் பிரயோசனம்.

முதலில் ஒரே அகலத்தின் காரணத்தைக் கவனிப்போம். தட்டெழுத்துப் பொறியில் எந்த விசையை அழுத்தினாலும், காகிதத்தைத் தாங்கிய வண்டி பற்சக்கரத்தின் ஒரு பல் அளவே இடப்புறம் நகரும். அடிக்கப்பட்டது மெலிந்த எழுத்தா பருத்த எழுத்தா என்பது பற்சக்கரத்துக்குத் தெரியாது. ஆகவே உரோம எழுத்தில் மெலிந்த ‘ஐ’க்குத் தலையிலும் காலிலும் பட்டை வைத்து அகலப்படுத்தினார்கள், பருத்த ‘எம்’மின் மூன்று கால்களையும் நெருக்கி ஒடுக்கினார்கள். ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ஹவார்ட் கெட்லர் 1950களின் நடுவில் வரைந்த கூரியர் எழுத்துரு இந்தத் தந்திரத்தின் பூரண ரூபம் எனலாம். கோட்டின் பருமனும் பொறியின் விதியே. ஒரு பக்கம் மெல்லியதும் மறுபக்கம் தடித்ததுமான கோடுடைய எழுத்தை அடித்தால், மெல்லிய பாகம் காகிதத்தை அறுக்கும், தடித்த பாகம் சரியாகப் பதியாது. ஆதலால் கோடு முழுவதும் ஒரே பருமனாய் இருப்பது அவசியமாயிற்று. உருண்ட முனையோ வேறொரு வழியாய் வந்தது. சுழலும் உளியினால் உலோகத்திலும் பிளாஸ்ரிக்கிலும் செதுக்கும் யந்திரங்களில், உளி வட்டமாய்ச் சுழல்வதால், கோட்டின் தொடக்கமும் முடிவும் தாமாகவே உருண்டுவிடும். கந்தோர்களின் மேசைப் பெயர்ப்பலகைகளிலும் யந்திரங்களின் விசைத் தகடுகளிலும் நாம் காணும் உருண்ட எழுத்துகள் இந்த உளியின் சந்ததியே.

இனித் தமிழுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, சிங்கப்பூர் சென்று அங்கே தொழில் பார்த்த ஆர். முத்தையா என்பவரே, தமிழ் எழுத்துகளைப் பொறியின் விசைகளுக்குள் அடக்கிய முன்னோடி. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 என்று இலக்கணம் கணக்கிடும் எழுத்துகளை, ஐம்பதுக்கும் குறைந்த விசைகளில், மேலும் கீழுமாக இரண்டிரண்டு உருவங்களாய் வைத்துச் சமாளிக்க வேண்டிய சிக்கலை அவர் எதிர்கொண்டார். பொறி ஜெர்மனியின் ஸைடல் உண்ட் நௌமான் ஆலையில் செய்விக்கப்பட்டது. அவர் கண்ட உபாயங்களுள் சிறந்தது நகரா விசை. புள்ளி விசையை அழுத்தினால் குறி மட்டும் காகிதத்தில் விழும், வண்டி நகராது. அடுத்து அடிக்கும் மெய் அதே இடத்தில் குறியின் கீழ் வந்து அமரும். கையால் எழுதுவோர் மெய்யை எழுதிப் பின்னர் புள்ளி வைப்பார்கள். பொறியில் அடிப்போர் புள்ளி வைத்துப் பின்னர் மெய்யை அடிக்கப் பழகினார்கள். உகரம் ஏறிய எழுத்துகளுக்கோ தனி உருவம் கொடுப்பதன்றி வேறு வழியில்லை, ஏனெனில் கு, சு, டு, மு, ரு என்பவற்றில் உகரம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாய் வளைகிறது. ஆதலால் ககர விசையின் மேல்நிலையில் ‘கு’வும், மகர விசையின் மேல்நிலையில் ‘மு’வும் அமைந்தன. டகரத்தின் இகர விசிறி எழுத்தின் வலப்புறத்து அடியிலிருந்து கிளம்புவதால் ‘டி’, ‘டீ’ இரண்டுக்கும் தனி விசையே தேவைப்பட்டது. இடக்கையின் நான்கு விரல்களும் ய, ள, ன, க என்னும் எழுத்துகளின்மேல் ஓய்ந்திருக்கும் இவ்வமைப்பைத் தட்டெழுத்து வகுப்பில் படித்தவர்கள், ஐம்பது வருஷம் கழிந்தாலும் மறப்பதில்லை.

எனினும் விசைப்பலகையில் இடம் கண்ட முத்தையாவின் மதிநுட்பம், எழுத்தின் அகலம் என்னும் வினாவைத் தீர்க்கவில்லை. அது பற்சக்கரத்தின் விதியாயிருந்தபடியால் தீர்க்கவும் முடியாது. விளைவை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில், வயல்களை அண்டி அமைந்த மாவடிப்பள்ளி என்னும் ஊரின் பெயரை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி எண்ணினால் இது மா, வ, டி, ப், ப, ள், ளி என ஏழு எழுத்து. பொறியில் அடித்தால், ஆகாரக் குறியான அரவு தனி இடம் பிடிப்பதனால், எட்டுக் கட்டம். இன்றைய கணினியின் யூனிகோட் முறையில் சேமித்தால், புள்ளியும் விசிறியும் தனித்தனிக் குறிகளாவதனால், பன்னிரண்டு குறி. அவற்றை வழக்கமான யூ.ரி.எஃப்.-8 முறையில் எழுதினால் 36 பைற். ஒரே பெயருக்கு நாலு அளவு. எதை அடிப்படையாகக் கொண்டு ‘சம அகலம்’ என்று சொல்வது என்பதே தமிழில் முதல் தகராறு.

அந்த எட்டுக் கட்டங்களையும் உற்றுப் பார்த்தால் இரண்டாவது தகராறு தெரியவரும். அரவு ஒரு நேர்கோடும் ஒரு சிறு வளைவும் மட்டுமே. அதற்கு முழுக் கட்டம் கொடுத்தபோது அதன் இருபுறமும் வெறுமை விழுந்தது. ‘பாராட்டு’, ‘தாராளம்’ போன்ற சொற்கள் பொறியிலிருந்து வெளிவரும்போது பல்லுப் போன வாயைப் போலத் தோன்றின. உரோமத்தின் மெலிந்த எழுத்துக்குப் பட்டை வைத்ததைப்போல அரவுக்குக் கால்பட்டை வைக்கலாமே என்றால், வைத்த மாத்திரத்தில் அது ரகரமோ வேறோர் எழுத்தோ ஆகிவிடும் அபாயம் உண்டு. ஓலைச்சுவடிகளில் ரகரத்துக்கும் அரவுக்கும் உருவ வேற்றுமையே இல்லாதிருந்தது என்பதைப் பதிப்பாசிரியர்கள் நன்கறிவர். அச்சு யுகம் அரும்பாடுபட்டு உண்டாக்கிய அந்த வேற்றுமையைச் சம அகலம் மீண்டும் மங்கச் செய்தது.

மறுகோடியில் ணகரம் நிற்கிறது. னகரத்துக்கு இரண்டு சுழி, ணகரத்துக்கு மூன்று சுழி. கையெழுத்தில் ணகரம் அந்த அதிகச் சுழிக்காக அதிக இடம் எடுத்துக்கொள்ளும், வாசிப்பவரின் கண்ணும் சுழியை எண்ணுவதில்லை, அகலத்தைக் கொண்டே இனங்கண்டுவிடும். இரண்டையும் ஒரே கட்டத்துள் அடைத்ததும் அந்த அடையாளம் பறிபோயிற்று. ‘மன்னன்’ என்பதும் ‘கண்ணன்’ என்பதும் சம நீளமுடைய சொற்களாய் நின்றன. மை தீர்ந்து மங்கிய நாடாவில் அடித்த மூன்றாவது காபன் பிரதியில், எது ணகரம், எது னகரம் என்று தீர்மானிக்க வாசிப்பவர் பொருளையே துணைக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதனோடு பருமனையும் சேர்த்தால் இடர்ப்பாடு இரட்டிக்கிறது. சாதாரண எழுத்துருவில் தடித்த வடிவம் வரைபவன், கோடு தடிக்கத் தடிக்க எழுத்தையும் சிறிது அகலமாக்கிவிடுவான்; உள்வெளிகள் பிழைத்துக்கொள்ளும். ஒரே அகல எழுத்துருவில் அந்தச் சுதந்திரம் இல்லை. தடித்த எழுத்தும் மெலிந்த எழுத்தின் அதே கட்டத்துள் இருக்க வேண்டுமாதலால், கோடு தடிப்பதெல்லாம் உள்வெளியைத் தின்றே தடிக்க வேண்டும். டகரத்துக்கு நிமிர்ந்த கோடு ஒன்று, பகரத்துக்கு இரண்டு. இவை தடித்தாலும் கம்பீரமாய் நிற்கும். ணகரத்திலும் ஞகரத்திலும் இகரத்திலும் கோடுகள் பக்கம் பக்கமாய் வரிசை கட்டுவதனால் தடித்த மாத்திரத்தில் சுழிகள் அடைபட்டுக் கறுத்துவிடும். தேர்ந்த கலைஞன் இதற்கு ஓர் உபாயம் செய்வான்: கோடுகள் சந்திக்கும் மூலைகளில் மட்டும் பருமனை இரகசியமாய்க் குறைத்து, வெளிவிளிம்பில் நிறைத்து, பார்ப்பவருக்கு எழுத்து முழுவதும் ஒரே தடிப்பு என்னும் மயக்கத்தை உண்டாக்குவான். தட்டெழுத்தாளருக்கோ இத்தகைய உபாயம் எதுவும் இருக்கவில்லை. தலைப்பைத் தடிப்பாக்க வேண்டுமானால், வண்டியைப் பின்னுக்கு இழுத்து அதே எழுத்தின்மேல் மறுபடியும் ஒரு முறை அடிப்பார். அதுவே தடித்த எழுத்து.

மெழுகுத் தாளில் எழுத்தை வெட்டி ரோணியோ யந்திரத்தில் பிரதி எடுத்த காலத்தில் மற்றுமொரு விபரீதமும் நிகழும். நாடாவை விலக்கிவிட்டு வெறும் அச்சினால் தாளை அடிக்கும்போது, கூர்மையான விளிம்புடைய சுழிகள் தாளை முழு வட்டமாய் வெட்டிவிடும். நடுத்துண்டு கழன்று விழுந்து, பிரதியில் சுழிக்குப் பதிலாக மைப்பொட்டு தோன்றும். சுழி மலிந்த தமிழுக்கு இந்தத் தொல்லை உரோமத்தை விட அதிகம். கை அழுத்தத்தை எழுத்துக்கு எழுத்து மாற்றி, ணகரத்தை மெதுவாகவும் டகரத்தை ஓங்கியும் அடிக்கத் தெரிந்தவரே நல்ல தட்டெழுத்தாளர் எனப்பட்டார். கிழக்கிலங்கையில் பாடசாலை வினாத்தாள்களும் சங்க அறிக்கைகளும் சிற்றிதழ்களும் அந்த விரல்களின் தயவினால் வெளிவந்தவை. எழுத்தின் விளிம்பு உருண்டிருப்பது வெறும் அழகுக்காக அல்ல என்பதை மெழுகுத் தாள் அறிந்தவர்க்கு வேறு பிரமாணம் காட்டத் தேவையில்லை.

இத்தனை குறை சொல்லியபின் சம அகலத்தின் நன்மையையும் சொல்லாதொழிவது நீதியன்று. சம்மாந்துறைப் பக்கத்து வயற்காணி ஒன்றின் உறுதியைக் கையில் எடுத்தால், ஏக்கர், றூட், பேர்ச் என்னும் அளவுகளும், எல்லைகளும், இலக்கங்களும் நேர்நேராய் ஒன்றன்கீழ் ஒன்று நிற்பதைக் காணலாம். சம அகலத்தில் அடித்த வரியில் பின்னாளில் ஒருவர் ஓர் இலக்கத்தைப் புகுத்த முயன்றால், கட்டம் தவறி அது காட்டிக்கொடுத்துவிடும். நொத்தாரிசுமாரின் அலுவலகங்களில் தட்டெழுத்துப் பொறி நெடுங்காலம் நிலைபெற்றதற்குப் பழக்கம் ஒரு காரணமென்றால், இந்தப் பாதுகாப்பு மற்றொரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அறபு எழுத்தும் இதே சோதனைக்கு உட்பட்டது என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். ஏனெனில் தமிழை அறபு எழுத்தில் எழுதும் அறபுத் தமிழ் மரபு இக்கரையோரத்து முஸ்லிம்களிடையே நெடுநாள் வழங்கியது. அறபு எழுத்து சொல்லின் முதல், இடை, கடை, தனி என்னும் நான்கு நிலைகளிலும் நான்கு உருவம் கொள்வது; அகலமும் நிலைக்கு நிலை வேறுபடும். ஸலீம் ஹத்தாத் என்பவர் 1899இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அறபுப் பொறியில் அவ்வுருவங்களைச் சுருக்கி விசைக்குள் அடக்கினார். எழுத்தைப் பொறிக்காக வெட்டுவதா, பொறியை எழுத்துக்காகத் திருத்துவதா என்னும் விவாதம் அறபு உலகில் அன்று தொடங்கி நெடுங்காலம் நடந்தது. நம்மவர் அவ்வளவு விவாதிக்கவில்லை. பெரியார் 1930களிலேயே கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்று, ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் கூட்டுருவங்களை நீக்கியபோது, அச்சுக்கோப்பவரின் பெட்டியில் அறைகள் குறைந்தன; எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி இடம் என்னும் கொள்கை வலுப்பெற்றது.

கணினி வந்தபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. ஈழத்துப் பதிப்பகங்களிலும் பத்திரிகைகளிலும் பரவலாய் வழங்கிய பாமினி எழுத்துரு, தட்டெழுத்துப் பொறியின் விசையமைப்பையே பின்பற்றியது. ஆனால் அதன் எழுத்துகளோ தத்தம் இயல்பான அகலத்தைப் பெற்றன. விரல் பழைய இடத்திலேயே நிற்க, எழுத்து மட்டும் கட்டத்திலிருந்து விடுதலை பெற்றது. அதன்பின் தமிழில் சம அகலத்தைப் பற்றி எவரும் பெரிதாய்க் கவலைப்படவில்லை. திரட்சியையும் உருட்சியையும் பற்றித்தான் நல்ல வேலைகள் நடந்தன. இந்தியாவின் ஏக் டைப் கூட்டமைப்பு இந்திய எழுத்துகள் பலவற்றுக்குமாக உருவாக்கிய பலூ குடும்பத்தில், தமிழுக்குரிய ‘பலூ தம்பி’யை ஆதர்ஷ் ராஜன் வரைந்தார். கொழுத்து, உருண்டு, சற்றே குறும்பு தோன்ற நிற்கும் அவ்வெழுத்துரு இலவசமாய்க் கிடைப்பது. அதில் சுழிகள் எப்படிக் காப்பாற்றப்பட்டுள்ளன என்பதை அகரத்தையும் இகரத்தையும் பெரிதாக்கிப் பார்த்துக் கற்கலாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே பலகையில் ஏறவேண்டிய நமது நாட்டில் இவ்வகை எழுத்துக்கு ஒரு பிரத்தியேகப் பயனும் உண்டு. சிங்கள எழுத்து பெரிதும் வளைவினாலேயே ஆனது. தமிழில் டகரமும் பகரமும் ககரமும் சகரமும் நேர்கோடும் மூலையுமாய் நிற்பவை. மூலையைச் சற்று உருட்டி, கோட்டைத் திரட்டினால், இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகளாய்ப் பக்கத்தில் நிற்கும். பலூ தம்பி சம அகலமுடையதன்று, அது வேண்டியதுமில்லை. கடைப்பலகையில் நிரல் எதற்கு?

நிரல் வேண்டிய இடங்கள் வேறு. நிரலாக்கம் செய்வோர் எழுதும் திரை ஒன்று. கடையில் கொடுக்கும் பற்றுச்சீட்டு இன்னொன்று. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி, தமிழ்ச் சொற்களாலேயே கணினிக்கு ஆணையிட இடம் தருவது. ஆனால் அதைக் கறுப்புத் திரையில் எழுதினால் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்று நேராய் நிற்பது அரிது. கட்டத் திரையின் கணக்குப்படி மெய்க்கு ஒரு கட்டம், புள்ளிக்குப் பூச்சியம். ஒகரக் குறிக்கோ என்ன கொடுப்பது என்பதில் நிரலுக்கு நிரல் கருத்து வேறுபாடு. ‘கொ’ என்பதில் கொம்பு ககரத்தின் இடப்புறமும் அரவு வலப்புறமுமாய் நிற்க, சேமிப்பிலோ ககரத்தின்பின் வரும் ஒரே குறியாய் அது அடங்கிக் கிடக்கிறது. மூன்று உருவத்தின் மை ஒரு கட்டத்திலோ இரண்டிலோ விழுந்து ஒன்றையொன்று மறைக்கும். கல்முனைச் சந்தையில் பருப்பும் சீனியும் வாங்கினால், பற்றுச்சீட்டில் அவை பெரும்பாலும் உரோம எழுத்திலேயே அச்சாகி வருவதற்கு மூலகாரணமும் இதற்கு அயலில்தான் இருக்கிறது. எண்பது மில்லிமீற்றர் தாளில் அச்சடிக்கும் சிறு யந்திரம், 576 புள்ளிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாய்ப் பகுத்து, வரிக்கு 48 கட்டம் என்று வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டத்துக்கென வெட்டிய தமிழ் எழுத்து அதனுள் இல்லை. தமிழை அச்சிட வேண்டுமானால் வரியை முழுப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். அது மெதுவாகவும் நடக்கும், நிரலும் தவறும்.

என் வாதம் இதுதான்: தமிழில் எழுத்துக்கு எழுத்து சமம் என்பதை விட்டுவிட்டு, அலகுக்கு அலகு சமம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சீன, ஜப்பானிய எழுத்துகளுக்காகக் கணினித் திரைகள் ஒற்றைக் கட்டம், இரட்டைக் கட்டம் என்னும் இரு அகலங்களை நெடுநாளாக அறியும்; முழு எழுத்து இரண்டு கட்டம், உரோம எழுத்தும் இலக்கமும் ஒரு கட்டம். அவ்வேற்பாட்டையே நாமும் எடுத்துக்கொண்டு, இலக்கத்துக்கும் அரவுக்கும் கொம்புகளுக்கும் ஒற்றைக் கட்டம், ஏனைய எழுத்துகளுக்கெல்லாம் இரட்டைக் கட்டம் என்று விதித்தால் என்ன? ரகரத்துக்கு இரண்டும் அரவுக்கு ஒன்றும் கிடைப்பதனால், ஓலைச்சுவடி காலத்துக் குழப்பம் அகலத்தைக் கொண்டே தீரும். ணகரத்துக்கு மூன்று கட்டம் கொடுக்க ஆசைதான். ஆயினும் திரைகள் மூன்றை அறியா. இரட்டைக் கட்டம் பழைய பொறியின் ஒற்றைக் கட்டத்தை விடத் தாராளமானதாகையால், மூலைகளில் பருமன் குறைக்கத் தெரிந்த கை, திரண்ட ணகரத்தின் மூன்று சுழிகளையும் அதனுள் மூச்சுவிட வைக்கும். ஐகாரக் குறிக்கு எது என்பது விவாதத்துக்குரியது. சேமிப்பில் பின்னும் தோற்றத்தில் முன்னும் நிற்பதாலும், தனக்கென இரண்டு சுழி உடையதாலும், அதற்கும் இரண்டே தரவேண்டும் என்பேன். அயலூரான காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் யாழின் நரம்புகளைக் கணிதத்தால் அளந்து ‘யாழ் நூல்’ செய்தார். எழுத்தின் அகலத்துக்கு அத்தனை நுண்கணக்கு வேண்டாம், ஒன்று இரண்டு என்று எண்ணினால் போதும்.

நடைமுறையில் இது எப்படி அமையும் என்பதை ‘சம்பா அரிசி’ என்னும் பதத்தால் அளந்துவிடலாம். ச, ம், ப ஆகிய மூன்றுக்கும் ஆறு, அரவுக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று, அ, ரி, சி மூன்றுக்கும் ஆறு; ஆகப் பதினான்கு கட்டம். நாற்பத்தெட்டில் பதினான்கு போக எஞ்சும் முப்பத்துநான்கில், கிலோவின் தொகைக்கும் விலைக்கும் மொத்தத்துக்கும் இடம் தாராளமாய் உண்டு; இலக்கம் ஒவ்வொன்றும் ஒரே கட்டமாதலால் ரூபாயின்கீழ் ரூபாயும் சதத்தின்கீழ் சதமும் நேராய் விழும். இருபத்துநான்கு புள்ளி அகலமும் இருபத்துநான்கு புள்ளி உயரமும் கொண்ட சதுரத்துள், வெப்பத்தால் கறுக்கும் அந்தத் தாளில் மங்காதிருக்கத்தக்க திரண்ட கோட்டில், மூலை உருண்ட நூறு அல்லது நூற்றிருபது உருவங்களை ஒருவர் வரைந்து முடித்தால், யந்திரத்தின் நினைவகத்தில் அவற்றை ஏற்றுவதற்குப் பெரிய தடையொன்றுமில்லை.